ஐசியுவில் ஹெல்த் கேர் அசிஸ்டன்ட் வேலை: குழாய் கழலாமல் நோயாளியைத் திருப்புவது முதல்

பொது வார்டில் நாலைந்து வருடம் ஹெல்த் கேர் அசிஸ்டன்டாக, அதாவது நர்ஸுக்கு உதவியாளராக வேலை பார்த்தவர்கூட ஐசியு என்ற தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த முதல் வாரம் தடுமாறுவார். உடம்பு துடைப்பது, விரிப்பு மாற்றுவது, சிறுநீர் அளப்பது எல்லாம் அதே வேலைதான். ஆனால் அங்கே நோயாளி தானே புரண்டு கொடுப்பார், வலித்தால் சொல்வார். இங்கே அவர் மயக்க மருந்தில் இருக்கிறார். வாயில் சுவாசக் குழாய், கழுத்தில் ஒரு லைன் (ரத்தக் குழாயில் செருகிய மெல்லிய குழாய்), மணிக்கட்டில் ஒரு லைன், மூக்கில் உணவுக் குழாய், கீழே சிறுநீர்க் குழாய். சும்மா கிடக்கும்போது இவை எதுவும் கழலாது. யாராவது அவரை அசைக்கும்போதுதான் கழலும். ஐசியுவில் அசைக்கும் வேலையில் பாதி உங்கள் கையில் இருக்கிறது. அதனால் இங்கே அதைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறோம்.

இது இங்கிலாந்தின் என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவையின் மருத்துவமனை நடைமுறையை ஒட்டியது. அங்கே இந்த வேலை பேண்ட் 2 அல்லது 3 சம்பளப் படியில் வரும். புதிதாகச் சேருபவர்கள் 2015இல் கொண்டுவரப்பட்ட 'கேர் சர்டிபிகேட்' பயிற்சியை முடிக்க வேண்டும். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஒரு நர்ஸ், அதற்கு அடுத்த நிலையில் இருக்கும் இருவருக்கு ஒரு நர்ஸ் என்பது வழக்கமான கணக்கு. நீங்கள் அந்தக் கணக்கில் வரமாட்டீர்கள். பல படுக்கைகளுக்கும் போய்வரும் ஆள் நீங்கள். நர்ஸ் ஒப்படைக்கிற வேலையை, பயிற்சி பெற்றுக் கையெழுத்து வாங்கிய வேலையை மட்டும் செய்யலாம். மருந்து, அதைச் செலுத்தும் பம்ப், வென்டிலேட்டர் பொத்தான்கள் உங்களுடையவை அல்ல. அலாரம் அடித்தால் முதலில் சத்தத்தை நிறுத்தக் கை போகும். அதைச் செய்யாதீர்கள். நோயாளியைப் பாருங்கள், நர்ஸைக் கூப்பிடுங்கள். சத்தம் நின்றுவிட்டால் யாரோ பார்த்துக்கொண்டார்கள் என்று எல்லோரும் நினைத்துவிடுவார்கள்.

ஷிப்ட் தொடங்கியதும்

முந்தைய ஷிப்ட் ஆள் நோயாளிகளின் நிலையைச் சொல்லி ஒப்படைக்கும் ஹேண்டோவர் முடிந்ததும் உங்கள் பகுதியின் ஒவ்வொரு படுக்கையிலும் நர்ஸோடு சேர்ந்து நான்கு பொருளைத் தொட்டுப் பாருங்கள். கண்ணால் பார்த்தால் போதாது. முதலாவது, எச்சிலையும் சளியையும் உறிஞ்சும் கருவியான சக்‌ஷனைப் போட்டு, குழாய் நுனியை விரலால் அடைத்தால் முள் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் ஜாடி மூடி சரியாக உட்காரவில்லை, அல்லது எங்கோ குழாய் கழன்றிருக்கிறது. வாயை உறிஞ்சும் கெட்டியான யாங்கர் குழாய் உறையோடு பக்கத்திலேயே இருக்க வேண்டும். கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை, அதற்கேற்ற முகமூடியோடு சுவர் ஆக்சிஜனில் மாட்டியிருக்க வேண்டும். நான்காவது, ஆக்சிஜன் சிலிண்டர்.

சிலிண்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சி.டி. (CD) என்ற அளவுச் சிலிண்டரில் 460 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 15 லிட்டர் ஓடினால் அரை மணி நேரம்தான் தாங்கும். ஸ்கேனுக்குப் போகும் வழியில் லிஃப்ட் வரத் தாமதமானாலே அதில் கால் பங்கு போய்விடும். அதைவிட மோசமான தவறு ஒன்று உண்டு. இந்தச் சிலிண்டரில் வால்வைத் திறப்பது ஒரு செயல், ஓட்ட அளவைத் திருப்பி வைப்பது இன்னொரு செயல். வால்வு மூடியிருந்தாலும் முள் 'முழுசு' என்றுதான் காட்டும். அளவை 15இல் வைத்துவிட்டு ஆக்சிஜன் ஓடுகிறது என்று நம்பி நோயாளியைத் தள்ளிக்கொண்டு போன சம்பவங்களால், 2018 ஜனவரியில் என்.எச்.எஸ். நாடு முழுக்க எச்சரிக்கை அனுப்ப வேண்டி வந்தது. பிளாஸ்டிக் மூடியை எடுங்கள், வால்வைத் திறங்கள், அளவை வையுங்கள், காற்று சீறும் சத்தத்தைக் காதால் கேளுங்கள். பிறகு குழாயை மாட்டுங்கள்.

திருப்பிப் படுக்க வைப்பது

இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியின் நிலையை மாற்ற வேண்டியிருக்கும். ஒவ்வொருவருக்கும் எத்தனை மணி என்பதை நர்ஸ் தோலின் நிலையைப் பார்த்து முடிவு செய்வார். குழாய் உள்ள ஒருவரைத் திருப்ப நான்கு பேர் இருந்தால் நல்லது. தலைமாட்டில் ஒருவர், உடம்பைத் தம் பக்கம் இழுத்துப் பிடிக்க இருவர், முதுகுப் பக்கம் துடைத்து விரிப்பு மாற்ற ஒருவர். தலைமாட்டில் நிற்பவர் நர்ஸ் அல்லது டாக்டர். அவருக்கு ஒரே வேலை, சுவாசக் குழாயை வாயோடு சேர்த்துப் பிடித்திருப்பது. அவர் வேறு எதற்கும் கை நீட்டக்கூடாது. கீழே விழுந்த தலையணையைக்கூட நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

தொடங்குமுன் புதிய விரிப்பு, ஸ்லைடு ஷீட் (உடம்பை வழுக்கி நகர்த்தும் விரிப்பு), துண்டு, வெந்நீர், ஈரம் உறிஞ்சும் பேட், கழிவுப் பை எல்லாம் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். நோயாளி ஒருக்களித்திருக்கும்போது 'துண்டு எங்கே' என்று ஒருவர் ஓடினால், மற்ற மூவரின் முதுகுதான் விலை கொடுக்கும். சக்கரத்தில் பிரேக் போட்டிருக்கிறதா பாருங்கள். சிறுநீர்ப் பையைக் காலி செய்யுங்கள். காற்று மெத்தையாக இருந்தால் கெட்டிப்படுத்தும் பொத்தானை அழுத்துங்கள், இல்லாவிட்டால் உடம்பு புதைந்து புரளாது.

படுக்கையை உயர்த்துமுன் நர்ஸிடம் சொல்லுங்கள். காரணம் இருக்கிறது. மணிக்கட்டு லைனிலிருந்து வரும் குழாய் டிரான்ஸ்டியூசர் என்ற சிறு பெட்டியில் முடிகிறது. அது இதயத்தின் மட்டத்தில் இருந்தால்தான் திரையில் தெரியும் ரத்த அழுத்தம் சரி. பெட்டி கம்பத்தில் இருக்க, நீங்கள் படுக்கையை மட்டும் 10 செ.மீ. உயர்த்தினால் அழுத்தம் உண்மையைவிட 7 மி.மீ. பாதரச அளவுக்குக் கூடுதலாகக் காட்டும். தாழ்த்தினால் அதே அளவு குறைவாகக் காட்டும். குறைந்த எண்ணைப் பார்த்து யாராவது ரத்த அழுத்தத்தை ஏற்றும் நோர்அட்ரினலின் மருந்தைக் கூட்டிவிட்டால், படுக்கைப் பொத்தானால் வந்த வினை மருந்துக் கணக்கில் போய் நிற்கும். சிரிஞ்சு பம்புகளின் உயரத்தையும் நீங்களாக மாற்றாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் பம்பைச் சட்டென்று உயர்த்தினால் ஒரு சொட்டு மருந்து அதிகமாக உள்ளே போகும். நோர்அட்ரினலினில் அந்த ஒரு சொட்டே பெரிது.

பிறகு நர்ஸ் தம் பங்கைச் செய்வார். படுக்கையைத் தட்டையாக்குவதற்கு முன் மூக்குக் குழாய் உணவை நிறுத்துவார், வலி மருந்து கொடுப்பார், வாயைச் சக்‌ஷன் செய்வார். பல்லின் அருகே சுவாசக் குழாயில் எந்த எண் தெரிகிறது என்று சத்தமாகச் சொல்வார், 22 என்றோ 23 என்றோ. அந்த எண்ணை நீங்களும் மனதில் வையுங்கள். திருப்பி முடித்த பிறகும் அதே எண் இருக்க வேண்டும்.

இப்போது லைன்களை ஒவ்வொன்றாக நோயாளியிடமிருந்து தொடங்கி இயந்திரம் வரை விரலால் தொடர்ந்து பாருங்கள். எது போர்வைக்கு அடியில் மாட்டியிருக்கிறது, எது பக்கக் கம்பியில் சுற்றியிருக்கிறது என்பது விரலுக்குத்தான் தெரியும். வென்டிலேட்டர் குழாயை அதன் பிடியிலிருந்து விடுவித்து, நீளம் போதுமா பாருங்கள். முதல் புரட்டலை வென்டிலேட்டர் இருக்கும் பக்கம் வைத்துக்கொண்டால் குழாய் இழுபடாது. சிறுநீர்ப் பை எந்தப் பக்கம் திரும்புகிறாரோ அந்தப் பக்கம் வர வேண்டும், உடம்புக்குள் இருக்கும் மூத்திரப்பையின் மட்டத்துக்குக் கீழேயே இருக்க வேண்டும், தரையில் படக்கூடாது. நெஞ்சில் வடிகுழாய் இருந்தால் அதன் பாட்டில் நெஞ்சு மட்டத்துக்குக் கீழேயே இருக்கட்டும், சாயவிடாதீர்கள். தலையில் வடிகுழாய் உள்ள நோயாளியை, நர்ஸ் அதை அடைத்தேன் என்று சொல்லும்வரை தொடாதீர்கள், படுக்கையின் தலைப்பக்கத்தைக்கூட அசைக்காதீர்கள். கழுத்தெலும்பு, முதுகெலும்பு அடிபட்டவர்களுக்கு இந்த முறையே செல்லாது. அவர்களுக்கு ஐந்து பேர் சேர்ந்து மரக்கட்டையைப் போல் புரட்ட வேண்டும், அதற்குத் தனிப் பயிற்சி உண்டு.

மயக்கத்தில் இருந்தாலும் நோயாளியின் பெயரைச் சொல்லி, 'உங்களை இடது பக்கம் திருப்பப் போகிறோம்' என்று சொல்லுங்கள். கட்டளை தலைமாட்டிலிருந்து மட்டுமே வரும். 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று எண்ணினால் பாதிப் பேர் மூன்றிலும் மீதிப் பேர் மூன்று முடிந்த பிறகும் இழுப்பார்கள். அதனால்தான் 'ரெடி, ஸ்டெடி, ரோல்' என்று சொல்வது வழக்கம். 'ரோல்' என்ற சொல்லில் எல்லோரும் ஒன்றாக. ஒரு கை தோளில், ஒரு கை இடுப்பில், பக்கத்தில் நிற்பவரின் கை இடுப்பிலும் தொடையிலும். நோயாளியின் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள்மூட்டு நழுவும்.

ஒருக்களித்ததும் கண் இரண்டு இடத்துக்குப் போக வேண்டும். ஒன்று மானிட்டர். அழுத்தம் கொஞ்ச நேரம் இறங்கி ஏறும், அது வழக்கம். ஆனால் மூச்சில் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் அலைக்கோடு தட்டையாகிவிட்டால் குழாய் கழன்றிருக்கலாம், வெளியே வந்திருக்கலாம். அதைப் பார்த்தவர் யாராக இருந்தாலும் உடனே சத்தமாகச் சொல்ல வேண்டும். 'நான் வெறும் அசிஸ்டன்ட்' என்று தயங்கும் இடம் அது அல்ல. வேலையை நிறுத்தி நோயாளியை மல்லாத்துங்கள்.

இன்னொன்று தோல். வால் எலும்பு, பின்தலை, காது மடல், குதிகால் ஆகியவற்றோடு கருவி படும் இடங்களையும் பாருங்கள்: குழாயைக் கட்டிய நாடாவின் கீழே கன்னம், முகமூடி அழுத்தும் மூக்குத் தண்டு, சிறுநீர்க் குழாய் படுத்திருக்கும் தொடை. விரலால் அழுத்தினால் வெளுத்து மீண்டும் சிவக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித் தருவார்கள். அது வெள்ளைத் தோலுக்குச் சரி. நம் நிறத்தில் அந்தச் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ ஊதா பூத்தோ இருக்கிறதா, தொட்டால் சூடாக இருக்கிறதா, கல் மாதிரி கெட்டியாகவோ சேறு மாதிரி கொழகொழவென்றோ இருக்கிறதா என்று பாருங்கள். எலும்பின் மேல் வட்டமாக இருந்தால் அழுத்தப் புண்ணின் தொடக்கமாக இருக்கலாம். பிட்டத்தின் பிளவில் கோடாக, ஓரம் சீரில்லாமல் இருந்தால் பெரும்பாலும் ஈரத்தால் வந்தது. எதுவானாலும் நர்ஸை அழைத்து, நோயாளி இன்னும் ஒருக்களித்திருக்கும்போதே காட்டுங்கள். 'அப்புறம் சொல்லலாம்' என்றால் அடுத்த நான்கு மணி நேரத்துக்கு யாரும் பார்க்கமாட்டார்கள்.

முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வில் விடுங்கள். முழுக்க ஒருக்களித்தால் இடுப்பெலும்பு முனையில் பாரம் இறங்கும். தலையணை வைத்த பிறகு உள்ளங்கையை வால் எலும்பின் கீழே செருகிப் பாருங்கள், தாராளமாகப் போக வேண்டும். கெண்டைக்காலின் கீழே நீளவாக்கில் தலையணை வைத்தால் குதிகால் அந்தரத்தில் நிற்கும். தலைப்பக்கத்தை மீண்டும் 30 முதல் 45 டிகிரிக்கு உயர்த்துங்கள். தட்டையாகக் கிடந்தால் வயிற்றில் உள்ளது நுரையீரலுக்கு இறங்கும்.

கடைசியாக மறந்துபோகும் மூன்று. மெத்தையைக் கெட்டி நிலையிலிருந்து விடுவிப்பது: அப்படியே விட்டால் காற்று மெத்தைக்கு அர்த்தமே இல்லை. டிரான்ஸ்டியூசரை மட்டம் பார்க்கச் சொல்வது. உணவை மீண்டும் ஓட விடச் சொல்வது. இந்த மூன்றாவதுதான் ஆபத்து. இன்சுலின் ஓடிக்கொண்டே இருக்க, உணவு நின்றே இருந்தால் சர்க்கரை இறங்கும், மயக்கத்தில் இருப்பவர் அதைச் சொல்லமாட்டார். 'ஃபீட் ஆன் பண்ணியாச்சா?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் திரையை விலக்குங்கள்.

வாய், கண், சிறுநீர்

பல் துலக்குவது அழகுக்காக அல்ல. வாயில் சேரும் கிருமி குழாயை ஒட்டி இறங்கி நிமோனியா ஆகிறது. மென்மையான சிறு பிரஷ், பட்டாணி அளவில் பாதி பேஸ்ட், மறு கையில் சக்‌ஷன். தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்க வைக்க முடியாது, பிரஷை நனைத்துத் துடைத்து உறிஞ்ச வேண்டும். குழாயின் மறுபக்கத்துப் பல்லையும் விடாதீர்கள். இதைக் குழாயைப் பிடிக்க ஒருவர் இருக்கும்போதுதான் செய்ய வேண்டும்.

மயக்கத்தில் பலருக்கு இமை முழுக்க மூடாது. காய்ந்த விழியில் புண் வரும். கிருமி நீக்கிய நீரில் நனைத்த காஸ் துணியால் மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பு, ஒவ்வொரு கண்ணுக்கும் புதுத் துண்டு. விழியின் வெள்ளை தெரிந்தால் நர்ஸிடம் சொல்லுங்கள், அவர் ஜெல் இடுவார்.

சிறுநீர்க் குழாயைச் சோப்பு நீரால் உடம்பிலிருந்து வெளியே நோக்கித் துடைக்க வேண்டும். ஆண்களுக்கு முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிக் கழுவினால், முடித்ததும் முன்னுக்கு இழுத்துவிடுங்கள். மறந்தால் வீங்கி இறுகி, சிறுநீரக அறுவை டாக்டரைக் கூப்பிடும் நிலை வரும். சிறுநீரை மணிக்கொருமுறை அளக்கும்போது கண்ணை அளவுக்கோட்டின் மட்டத்துக்குக் கொண்டுபோங்கள். உடல் எடையில் கிலோவுக்கு மணிக்கு அரை மில்லி என்பது குறைந்தபட்சக் கணக்கு, 70 கிலோ உள்ளவருக்கு 35. ஒரு மணி நேரம் குறைந்தாலே சொல்லிவிடுங்கள், அதற்கு முன் குழாய் எங்கேயாவது மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அடிக்கடி தொடைக்கு அடியில்தான் மடங்கியிருக்கும். பேடில் போனதை எடை போட்டு, காய்ந்த பேடின் எடையைக் கழித்தால் ஒரு கிராம் ஒரு மில்லி.

பேதியாகப் போனால் கை ஜெல்லை நம்பாதீர்கள். பேதியை உண்டாக்கும் சி. டிஃப் என்ற கிருமியின் வித்துக்கள் ஆல்கஹாலுக்குச் சாகாது. சோப்பும் தண்ணீரும்தான்.

ரத்தக் காஸ் மாதிரி

ரத்தத்தில் ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு போன்றவற்றை அளக்க நர்ஸ் எடுத்துக் கொடுக்கும் ரத்தச் சிரிஞ்சை இயந்திரத்தில் ஓட்டுவது பல இடங்களில் உங்கள் வேலை. படுக்கையை விட்டு நகருமுன் பெயர் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். காற்றுக் குமிழை வெளியேற்றி, மூடி, உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுங்கள், குலுக்காதீர்கள். குலுக்கினால் ரத்த அணு உடைந்து பொட்டாசியம் பொய்யாக ஏறும். குமிழ் இருந்தால் ஆக்சிஜன் எண் தவறும். வழியில் யாரோடாவது பேசிக்கொண்டு நின்றால் லாக்டேட் (லாக்டிக் அமில அளவு) ஏறும், சர்க்கரை இறங்கும். இயந்திரத்தைத் திறக்கும் உங்கள் பார்கோடை யாருக்கும் கடன் கொடுக்காதீர்கள். முடிவுச் சீட்டை இயந்திரத்திலேயே விட்டுவிட்டு வராதீர்கள், நர்ஸின் கையில் கொடுங்கள்.

குழப்பத்தில் இருப்பவர்

மயக்கம் தெளியும் நோயாளி பலர் டெலிரியம் என்ற மனக்குழப்பத்தில் இருப்பார்கள். சுவரில் எறும்பு ஊருகிறது என்பார், உங்களைக் கடத்தல்காரர் என்பார். பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்ளும் வேலை உங்களுக்கு வரும். எறும்பு இல்லை என்று வாதாடிப் பயனில்லை. 'இது மருத்துவமனை, இன்று செவ்வாய், உங்கள் மகள் மூன்று மணிக்கு வருகிறாள்' என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். கண்ணாடி, செவிக்கருவி இரண்டையும் மாட்டிவிட்டாலே பாதிக் குழப்பம் தெளிவது உண்டு. கை குழாயை நோக்கிப் போனால் அந்தக் கையைப் பிடித்து நிறுத்துவதைவிட அதில் ஒரு துண்டையோ பந்தையோ கொடுங்கள். குழாயைப் பிடுங்காமல் இருக்க நோயாளியின் கைக்கு உறை மாட்டுவது உங்கள் முடிவு அல்ல. 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டப்படி மதிப்பிட்டு எழுதி வைத்த பிறகுதான் மாட்டலாம்.

தமிழ் பேசும் நோயாளி வந்தால் வார்டு முழுக்க உங்களைத் தேடும். 'கால் நோகுதோ ஐயா?', 'வலிக்குதா அம்மா?' என்று கேட்டுச் சொல்வதில் தவறில்லை. யாழ்ப்பாணத்துப் பெரியவர் 'நோகுது', 'ஏலாது' என்பார், மதுரைக்காரர் 'வலிக்குது', 'முடியல' என்பார், இரண்டும் தெரிந்திருந்தால் நல்லது. ஆனால் நோய் என்ன, அறுவைக்குச் சம்மதமா என்ற பேச்சு வரும்போது மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள். அதை நீங்கள் செய்து ஒரு சொல் பிசகினால், பிசகு உங்கள் தலையில் விழும்.

தாலி, பூணூல், கையில் கட்டிய கயிறு எதையும் கத்தரியால் வெட்டாதீர்கள். உயிர் காக்கும் அவசரம் இல்லை என்றால் குடும்பத்தைக் கேட்கும் நேரம் இருக்கும். எடுத்தால் இருவர் கையெழுத்தோடு பொருள் பதிவேட்டில் எழுத வேண்டும். பத்துப் பவுன் தாலிக்கொடியாக இருந்தாலும் அதில் 'மஞ்சள் நிற உலோகம்' என்றுதான் எழுத வேண்டும். உறவினர் முகம் சுளிப்பார்கள், ஆனால் அது தங்கமா என்று சொல்ல நீங்கள் ஆசாரி இல்லை.

நெஞ்சு நின்றால்

பக்கச் சுவரில் உள்ள அவசர மணியை அழுத்துங்கள், சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடுங்கள். வெளி உதவி வேண்டுமென்றால் மருத்துவமனைத் தொலைபேசியில் 2222. படுக்கையைத் தட்டையாக்கி, காற்று மெத்தையின் சி.பி.ஆர். (நெஞ்சை அழுத்தி உயிர் மீட்பது) பட்டையை இழுத்துக் காற்றை இறக்குங்கள். அந்தப் பட்டை எந்தப் பக்கம் இருக்கிறது என்று அன்றைக்குத் தேடக்கூடாது, ஷிப்ட் தொடக்கத்திலேயே பார்த்து வைத்திருக்க வேண்டும். நெஞ்சில் அழுத்தம் கொடுக்கும் வரிசையில் நீங்களும் நிற்பீர்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120, ஐந்து முதல் ஆறு செ.மீ. ஆழம், இரண்டு நிமிடத்தில் ஆள் மாற்றம்.

இறந்துவிட்டால் அடுத்த இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்குள் உடலைச் சுத்தம் செய்வதும் உங்கள் பங்கு. மரண விசாரணை அதிகாரிக்குப் போகும் வழக்கா என்று நர்ஸிடம் கேட்காமல் ஒரு குழாயையும் எடுக்காதீர்கள். திருப்பும்போது உயிரோடு இருந்தவரிடம் சொன்னதைப் போலவே பெயர் சொல்லித் திருப்புங்கள்.

வீட்டுக்குப் போகுமுன்

ஷிப்ட் பெரும்பாலும் பன்னிரண்டரை மணி நேரம். முடியும்போது நர்ஸிடம் நான்கு விஷயம் சொல்லுங்கள்: கடைசியாக எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் திருப்பினோம், தோலில் என்ன பார்த்தோம், மலம் போனதா, எந்தப் பொருள் தீர்ந்துபோயிருக்கிறது. யூனிஃபார்மை 60 டிகிரியில் துவையுங்கள். துவைக்கப் போடுமுன் பாக்கெட்டைக் காலி செய்யுங்கள். நோயாளி பெயர் எழுதிய ஹேண்டோவர் தாள் பேருந்தில் கிடந்தால் விசாரணை வரும். அதை வார்டிலேயே ரகசியக் கழிவுப் பெட்டியில் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.